சாமியறையிலிருந்து வந்த மாஸ்டர் பம்ப்

எனக்கு ஓய்வு கொடுத்தது வயது அல்ல, இடுப்பு. முப்பத்தைந்து வருடம் வாகனங்களுக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தேன். ஒருநாள் வெளியே ஊர்ந்து வந்து நிமிரப் போனவன், பாதியிலேயே நின்றுவிட்டேன். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை தேய்ந்துபோய்விட்டது என்றார்.

"மாத்தலாமோ?" என்று கேட்டேன்.

"மாத்தலாம். ஆனா பிறக்கேக்கை வந்த சாமானைப் போல இராது" என்றார்.

ஒறிஜினலா, மற்றதா என்ற கேள்வியை வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நின்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. அங்கே நின்றால் அது வேறு மாதிரிக் கேட்கிறது. நானும் எல்லோரையும் போல, "டொக்டர், ஒறிஜினல் எங்கையும் எடுக்கேலாதோ?" என்றுதான் கேட்டேன்.

நான் விட்டுவிட்டு வந்த கோப்பாய் கராஜில் இப்போது நீங்கள், இளம் மெக்கானிக்குகள், நிற்கிறீர்கள். சந்தேகம் வந்தால் எனக்குப் போன் எடுக்கிறீர்கள். எங்கே தொடங்கினாலும் கேள்வி ஒன்றுதான்: வாகனக் கம்பனியின் சாமானைப் போடுவதா, வேறு கம்பனி செய்ததைப் போடுவதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, ஆளுக்கு ஒரு பதில் சொல்லி, கடைசியில் நானே குழம்பிப்போனேன். ஆகவே எழுதி வைக்கிறேன். நான் சொல்வதை நம்பவேண்டும் என்றில்லை. நான் செய்ததைப் பார்த்து, அதைச் செய்யாமல் விட்டால் போதும். அந்த வகையில் என்னிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு எந்த நாட்டில் வேலை என்று கேட்கிற அதே குரலில்தான் சாமான் எந்த நாடு என்றும் கேட்பார்கள். ஜப்பான் என்றால் முகம் மலரும். தாய்லாந்து என்றால், "ம்ம், பரவாயில்லை." சைனா என்றால் வாகனத்தின் சாதகத்தையே வாங்கிப் பார்க்கவேண்டும் என்பது போல ஒரு பார்வை. நானும் இந்த ஊர்க்காரன்தான். தொழிலுக்கு வந்து பல வருடங்கள் வரைக்கும் சாமானை அல்ல, பெட்டியைத்தான் பார்த்து வாங்கினேன். ஒருமுறை மினுங்குகிற ஸ்ரிக்கர் ஒட்டிய அழகான பெட்டியில் ஒரு கிளச் பிளேட் வாங்கிப் பூட்டினேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பூட்டியது தேர் வரைக்கும் தாங்கவில்லை.

அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் ராஜியிடம் காட்டினேன். ராஜி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உதிரிப்பாகக் கடையில் நிற்கிறவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வாகனம் ஓடத் தெரியாது. கடைக்குச் சைக்கிளில்தான் வருவார். ஆனால் ஒரு சாமானைக் கையில் எடுத்து நிறை பார்த்து, விளிம்பை விரலால் தடவினாலே அதன் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்லிவிடுவார்.

"வடிவான பெட்டி" என்றார் ராஜி.

"ஸ்ரிக்கரைப் பாத்தீரோ? மினுங்குது."

"அண்ணை, ஸ்ரிக்கர் ஒட்டுறவனுக்குக் கிளச் பிளேட் செய்யத் தெரியோணும் எண்டில்லை."

அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது என்று எழுதினால் கட்டுரை இத்தோடு முடிந்துவிடும். வரவில்லை. பெட்டியைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தினேன். அதற்குப் பதிலாக, பெட்டியைக் கொண்டு வருகிறவரைப் பார்க்கத் தொடங்கினேன்.

அப்படித்தான் தவராசா வந்து சேர்ந்தார்.

தவராசா உடுவில்காரர். ஒரு பழைய ஜப்பான் வானில் காலையும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய தொழில். பதினான்கு பிள்ளைகள். அந்தப் பதினான்கு பேரின் தாய் தகப்பன்மார் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கைதான் அவருடைய முழு வருமானமும். அவ்வளவு கவனமான மனிதர். "ஓடும்போது போன் எடுக்கமாட்டேன்" என்று வானின் முன்கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார். உண்மையிலேயே எடுக்கமாட்டார். இந்த நல்ல குணம் பின்னால் எங்களுக்குப் பெரிய கரைச்சலைக் கொடுத்தது.

ஒரு சனிக்கிழமை வானைக் கொண்டுவந்தார். பிறேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே தாழ்கிறது என்றார். மாஸ்டர் பம்ப் போய்விட்டது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பெடலை மிதிக்கும்போது பிறேக் எண்ணெயை நான்கு சக்கரங்களுக்கும் தள்ளுகிற உருளை அது. உள்ளே சின்னச் சின்ன றப்பர்கள் இருக்கும். மனிதனின் உயிர் எங்கே இருக்கிறது என்று சமயப் பெரியவர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். வானில் போகிற மனிதனின் உயிர் அந்த றப்பரில்தான் இருக்கிறது.

தவராசாவும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்து ராஜியைக் கூப்பிட்டேன்.

"ராஜி, தவராசாவின்ரை வானுக்கு மாஸ்டர் பம்ப் இருக்கோ?"

"கம்பனிச் சாமான் கொழும்பிலையிருந்து வரோணும் அண்ணை, ஒரு கிழமை செல்லும். தாய்லாந்து ஒண்டு இருக்கு. கன வருஷமா விக்கிறன், ஒண்டும் திரும்பி வரேல்லை."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"கம்பனிப் பெட்டியிலை ஒண்டு கிடக்கு. அது ஆக்களுக்குக் காட்டி, உப்பிடியும் டூப், போலிச் சாமான், வரும் எண்டு சொல்லுறதுக்கு வைச்சிருக்கிறன். உங்களுக்குத் தரமாட்டன்."

தவராசாவின் முகம் சுருங்கிவிட்டது. "தாய்லாந்தோ? ஐசே, பிள்ளையள் ஏறுற வான்."

"தாய்லாந்திலையும் பிள்ளையள் வானிலைதான் போகுதுகள்" என்றேன்.

"பகிடி விடாதையும். நில்லும், என்னட்டை ஒறிஜினல் ஒண்டு இருக்கு. வீட்டை போட்டு வாறன்."

என்னுடைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனவர், முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கையில் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு பொதி. அவிழ்த்தால் உள்ளே வாகனக் கம்பனியின் பெட்டி. பெட்டியின் மூடியில் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். ஒருகணம் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன்.

கதை இதுதான். தவராசாவின் மனைவி மலர். மலரின் தம்பி ரவி அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். ஏழு வருடங்களுக்கு முன் ரவி ஊருக்கு வரும்போது, என்ன கொண்டுவர என்று எல்லோரிடமும் கேட்டார். மற்றவர்கள் போன் கேட்டார்கள், சென்ட் கேட்டார்கள். தவராசா மாஸ்டர் பம்ப் கேட்டார். அங்கேயும் இதே வான், இங்கே போலவே வலப்பக்கம் ஸ்ரியரிங். ரவி கம்பனி முகவரிடமே போய், வானின் இலக்கத்தைக் கொடுத்து வாங்கி, பெட்டிக்குள் சொக்லேற்றுகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். அப்போது பழைய பம்ப் நன்றாக இருந்தது. அதனால் புதியதை அலுமாரியில் வைக்க மனம் வராமல், சாமியறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஏழு வருஷம்" என்றார் தவராசா. "ஒரு தூசி படவிடேல்லை."

பம்பை வெளியே எடுத்தேன். உப்புக் காற்றில் கடையில் இருக்கிற ஆணியே துருப்பிடிக்கிற ஊர் இது. அந்தப் பம்போ நேற்றுச் செய்தது போல மினுங்கியது. அது என்னைச் சந்தேகப்பட வைத்திருக்கவேண்டும். நான் ரவிக்காகப் பெருமைப்பட்டேன்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். திறந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. கால் மணித்தியால வேலை. கழற்றினால் றப்பரின் நிலை தெரிந்துவிடும். வாயைத் திறந்து கேட்டும்விட்டேன்.

"ஒருக்கா உள்ளுக்கை பாப்பமோ?"

தவராசா என்னைப் பார்த்த பார்வையில், பிள்ளையாரின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்போமா என்று நான் கேட்டது போல இருந்தது.

"கம்பனி பூட்டினதை நீர் கழட்டிப் பாக்கப்போறீரோ? டூப் எண்டால் பாருமன். இது ஒறிஜினல்."

நான் பார்க்கவில்லை. மரியாதையாக அப்படியே பூட்டினேன். தவராசா வேலை முடியும்வரை பக்கத்தில், கோயிலில் நிற்பது போல, கைகட்டி நின்றார். முடிந்ததும் வானை இரண்டு மூன்று தடவை தெருவில் ஓடிப் பார்த்தேன். பெடல் கல்லுப் போல நின்றது. வழமையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கல்லுப் போல நின்றது. "இதுதான் ஐசே ஒறிஜினல்" என்று நானே சொன்னேன். அந்த வசனத்தை இன்றுவரை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை. தவராசா பிள்ளைகளை ஏற்றப் புறப்பட்டு அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கராஜ் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். மலர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறவர். இருபாலையில் யாருக்கோ சட்டை கொடுக்கப் போகிற வழி. கையில் ஒரு டப்பா.

"அண்ணை, மோதகம். வானுக்குப் புதுச் சாமான் போட்டதுக்குக் காலமை பிள்ளையாருக்குப் படைச்சது. இவர் சொன்னவர், பெடல் கல்லுப் போல நிக்குதாம்."

"நல்ல சாமான் தங்கச்சி" என்று ஒரு மோதகத்தைக் கடித்தேன். "ஏழு வருஷத்திலை ஒரு துரு இல்லை. எப்பிடித்தான் வைச்சிருந்தியளோ."

இந்தக் கேள்வியைச் சனிக்கிழமை கேட்டிருக்கவேண்டும். திங்கட்கிழமை, அதுவும் வாயில் மோதகத்தோடு கேட்டேன்.

மலரின் முகம் பெருமையில் மலர்ந்தது. "நாங்கள் அதைச் சும்மா விடேல்லை அண்ணை. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு என்ரை தையல் மெஷினைத் துடைச்சு எண்ணெய் போடுவனெல்லே? அதோடை சேத்து அதையும் வெளியிலை எடுத்து, எண்ணெய் பூசித் துடைச்சு, பொட்டு வைச்சு, திருப்பி உள்ளை வைச்சிடுவன்."

"என்ன எண்ணெய்?"

"மெஷின் எண்ணெய்தான்."

"வெளியாலை மட்டும்தானே பூசினனீங்கள்?"

"உள்ளுக்கும் துருப்பிடிக்கக் கூடாதெல்லே? மூடியைக் கழட்டி ரெண்டு ரெண்டு சொட்டு விட்டனான். ஏன் அண்ணை?"

பிறேக் றப்பருக்குப் பிறேக் எண்ணெய் மட்டும்தான் ஆகும். தையல் மெஷின் எண்ணெய் பட்டால் அது ஊறி, உப்பி, பெரிதாகிவிடும். வருடத்துக்கு இரண்டு சொட்டு, ஏழு வருடம். உப்பிய றப்பர் உருளைக்குள் இறுகி நிற்கும். அதனால்தான் பெடல் கல்லுப் போல நின்றது. ஓட ஓடச் சூடேறும், இன்னும் இறுகும். மிதித்த பிறேக் விடாது. சக்கரம் தானாகப் பிடித்துக்கொண்டு எரியும். அதற்குப் பிறகு ஒருநேரம் பிறேக்கே இல்லாமலும் போகலாம்.

தவராசாவுக்குப் போன் எடுத்தேன். மணி போனது. எடுக்கவில்லை. கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறாரே, எடுப்பாரா? மறுபடியும் அழைத்தேன். கொள்கை மாறவில்லை.

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். மலர், "என்ன அண்ணை, என்ன?" என்று கேட்டது பின்னால் கேட்டது. பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் காலியாக இருக்கவில்லை.

தவராசாவின் வழி எனக்குத் தெரியும். இணுவில் உள்வீதிகளில் கடைசிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு புகையிரதக் கடவையைக் கடந்து, பிரதான வீதிக்கு வருவார். நம்முடைய ஊரில் மலையில்லை, இறக்கமில்லை, பிறேக் போனாலும் மெல்ல உருண்டு ஏதாவது வேலியில் நிற்கலாம் என்று வழியெல்லாம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு போனேன். அந்த ஆறுதலில் புகையிரதக் கடவையை நான் சேர்க்கவில்லை.

வான் அங்கேதான் நின்றது.

முன்சக்கரங்கள் கேற்றைத் தாண்டிவிட்டன. தண்டவாளத்துக்கும் வானின் மூக்குக்கும் நடுவே ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அவ்வளவுதான். நான்கு சக்கரங்களிலிருந்தும் வெள்ளைப் புகை. தவராசா கியரை முன்னும் பின்னும் போட்டுப் பார்க்கிறார். வான் உறுமுகிறது, அசையவில்லை. பின்னால் நிற்கிற முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். கேற்காரர் கையை வீசிக்கொண்டு ஓடி வருகிறார்.

"எடுங்கோ அண்ணை, எடுங்கோ! கேற் போடோணும்! ரெயில் வெளிக்கிட்டிட்டுது!"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்படியான நேரத்தில் மெக்கானிக்கின் கை தானாக நட்டுக் கழற்றுகிற சாவியைத் தேடும். தேட விடாதீர்கள். முதலில் ஆட்களை இறக்குங்கள். வானைத் திருத்தலாம். நான் அன்று செய்த ஒரே சரியான வேலை அதுதான். அதனால்தான் இரண்டு தடவை சொல்கிறேன்: முதலில் ஆட்கள்.

"தவராசா, பிள்ளையளை இறக்கும்!"

"பள்ளிக்கூடத்திலை சோதினை ஐசே, பிந்திப்போகும்..."

"இறக்கும் எண்டு சொல்லுறன்!"

முச்சக்கரவண்டிக்காரர் நல்ல மனிதர். ஹோர்ன் அடிப்பதை விட்டு, வண்டியை ஓரமாக்கிவிட்டு ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புத்தகப் பையோடு குதித்து, பின்பக்கம் மதிலோரம் போய் நின்றார்கள். தவராசா எண்ணினார். பதினான்கு.

இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பிள்ளை என்னிடம் கேட்டாள். "மாமா, அப்ப இண்டைக்குச் சோதினை இல்லையோ?" அவளுடைய முகத்தில் இருந்த நம்பிக்கையை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் சாவி. மோட்டார் சைக்கிளின் சீற்றுக்குக் கீழே இருந்ததை எடுத்து, பம்பிலிருந்து வெளியே போகிற இரண்டு குழாய்களையும் ஒரு சுற்றுத் தளர்த்தினேன். அடைபட்டிருந்த எண்ணெய் என் சட்டையிலும் முகத்திலும் பீறிட்டது. சக்கரங்கள் பெருமூச்சு விட்டது போலப் பிடியை விட்டன. நான், தவராசா, முச்சக்கரவண்டிக்காரர், கேற்காரர், பால் கொண்டுவந்த ஒருவர், எல்லோருமாக மூக்குப் பக்கம் நின்று பின்னால் தள்ளினோம். என்னுடைய இடுப்பு தன் முதல் எச்சரிக்கையைத் தந்தது அப்போதுதான். கேற் இறங்கியது. ரயில் வந்தது. பிள்ளைகள் கை காட்டினார்கள். ரயிலில் இருந்தவர்களும் கை காட்டினார்கள். வீதியோரம் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த எனக்கும் ஒருவர் கை காட்டினார்.

ரயில் போன பிறகு தவராசா மெல்லக் குனிந்து கேட்டார்.

"ஐசே, இப்ப சில்லு விட்டிட்டுதெல்லே. குழாயை இறுக்கிவிடும். மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போய் இறக்கிப்போட்டு வாறன். ஒரு நாள் பிந்தினாலும் தாய் தகப்பன் வேறை வான் பாக்குங்கள்."

அவர் சொன்னது உண்மைதான். பயம் வீட்டு அடுப்பைப் பற்றியது. ஆனால் பிறேக் விட்டுவிட்டது என்பதற்கும் பிறேக் இருக்கிறது என்பதற்கும் நடுவே பதினான்கு பேர் நின்றார்கள். வானின் சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"தாரும்."

"தரமாட்டன்."

"என்ரை வான் ஐசே."

"ஓம். வான் உம்முடையது. பிறேக் என்ரை."

அதற்குள் சில தகப்பன்மார் வந்துவிட்டார்கள். கேற்காரர் யாருக்கோ சொல்ல, அவர் யாருக்கோ சொல்ல, ரயிலைவிட வேகமாகச் செய்தி போயிருந்தது. அவர்களில் ஒருவர், மடிப்புக் கலையாத சட்டை போட்ட வங்கி உத்தியோகத்தர், புகையை மணந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"என்ன சாமான் பூட்டினனீங்கள்?"

"மாஸ்டர் பம்ப்."

"எந்த நாடு?"

"ஒறிஜினல்."

"ஒறிஜினல் உப்பிடிப் புகையுமோ? ஒறிஜினலை எடுத்து வைச்சிட்டு டூப்பைப் பூட்டியிருப்பியள்."

இந்தத் தொழிலில் உங்களைப் பற்றி ஊர் சொல்லக்கூடிய ஆகக் கெட்ட சொல் இதுதான். சொல்வார்கள். தயாராக இருங்கள். நான் வாயைத் திறக்க முன்பே தவராசா எனக்காக முன்னே வந்தார்.

"அப்பிடிக் கதையாதையுங்கோ தம்பி. நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான். இவர் என்ரை சாமானைத்தான் பூட்டினவர்." கொஞ்சம் யோசித்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்தேன். "அப்ப... ரவி தந்ததுதான் டூப். ஏழு வருஷமாப் பிள்ளையாருக்குக் கீழை டூப்பை வைச்சுக் கும்பிட்டிருக்கிறம். மச்சான் என்னை ஏமாத்திப்போட்டான்."

தகப்பன்மார் எல்லோருக்கும் அது உடனே பிடித்துப்போயிற்று. வெளிநாட்டு மச்சான் ஏமாற்றினான் என்றால் யாருக்கும் நட்டமில்லை. எனக்கும் இல்லை. தவராசாவின் பிழையும் இல்லை, வான் தப்பிவிடும். ஒரு தலையாட்டல் போதும்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் மலரைக் கண்டேன். ஸ்கூட்டரை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார். தவராசா சொன்னதைக் கேட்டுவிட்டார். நான் அவரிடம் கேட்ட கேள்விகளும், வாயில் மோதகத்தோடு ஓடியதும் அவருக்கு ஞாபகம் இருக்கும்தானே. முகத்தில் இரத்தமில்லை. ஒரு பக்கம் தம்பி. மறுபக்கம், தன் கையால் விட்ட சொட்டுகள்.

உண்மையை முழுதாகச் சொல்லலாம். தையல் மெஷின் எண்ணெய் என்று அந்த நடுவீதியில், பதினான்கு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தகப்பன்மாருக்கும் முன்னால் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அது உண்மையின் தொடக்கம். முடிவு என்னிடம்தான் இருந்தது. பக்தியோடு எண்ணெய் விட்டவருக்கு றப்பரைப் பற்றித் தெரியாது. அனுப்பியவருக்கும் தெரியாது. ஓட்டியவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தும் திறக்காமல் பூட்டியவன் அங்கே ஒரே ஆள்.

"ரவி தந்தது அசல் ஒறிஜினல்" என்றேன். "அதிலை ஒரு பிழையும் இல்லை. ஏழு வருஷம் கிடந்த றப்பர், திறந்து பாத்து, மாத்திப்போட்டுத்தான் பூட்டியிருக்கோணும். நான் திறக்கேல்லை. பிழை என்ரை."

"ஏன் திறக்கேல்லை?" என்றார் வங்கிக்காரர்.

நல்ல கேள்வி. தவராசாவின் முகத்துக்குப் பயந்து என்று சொல்ல முடியவில்லை.

"பஞ்சியாக் கிடந்தது, சோம்பல்" என்றேன்.

அவர் மகனின் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். பிள்ளைகள் தகப்பன்மாரின் மோட்டார் சைக்கிள்களிலும் முச்சக்கரவண்டியிலும் பங்கு பிரிந்து போனார்கள். இரட்டைப் பின்னல்காரி போகும்போது என்னைப் பார்த்த பார்வை மறக்க முடியாதது. சோதினை நடக்கத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் ராஜியின் தாய்லாந்துப் பம்ப் வந்தது. பூட்டுமுன் திறந்து பார்த்தேன். தவராசாவே டோர்ச் அடித்துக் காட்டினார். மெஷின் எண்ணெய் குழாய்களுக்குள்ளும் போயிருந்ததால் நான்கு சக்கரங்களின் றப்பர்களையும் மாற்றி, முழுதும் கழுவி, புது எண்ணெய் விட்டேன். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் தவராசா பிள்ளைகளை ஏற்றப் போனார். இரண்டு வீடுகள் வேறு வானுக்குப் போய்விட்டன. பன்னிரண்டு பேர் ஏறினார்கள். வங்கிக்காரரின் மகனும் ஏறினான். டிரைவரில் பிழையில்லை, மெக்கானிக்தான் சோம்பேறி என்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னாராம். அதைவிட நல்ல சான்றிதழ் அந்த வானுக்குக் கிடைத்திருக்காது.

எனக்குக் கிடைத்த சான்றிதழ் வேறு. "அவுஸ்திரேலியாச் சாமானைப் பழுதாக்கின ஆள்" என்று உடுவிலிலும் இணுவிலிலும் சில வருடம் என்னைச் சொன்னார்கள். கொஞ்ச நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாகனமும் வரவில்லை. பிறகு வரத் தொடங்கின. பலர், "நீங்கள் பஞ்சியிலை விடுவியள், திறந்து பாத்துத்தான் பூட்டோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்கள். அதன் பிறகு நான் எதையும் திறக்காமல் பூட்டியதில்லை. திறக்காமல் பூட்ட என்னை யாரும் விட்டதுமில்லை.

ஒறிஜினலா, மற்றதா? ராஜியைப் போல ஓர் ஆள் தருகிற மற்றதைப் பயப்படாமல் போடுங்கள். கம்பனியில் நேரே வருகிற ஒறிஜினலையும் போடுங்கள். ஆனால் எந்த நாடு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இவ்வளவு நாளும் எங்கே இருந்தது, யார் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்றும் கேளுங்கள். அதிகமாகக் கவனித்திருந்தால் கட்டாயம் திறந்து பாருங்கள்.

அடுத்த வருடம் ரவி ஊருக்கு வந்தார். தவராசா வீட்டில்தான் தங்கினார். மச்சானும் மச்சானும் வானில் கராஜுக்கு வந்து இறங்கினார்கள். "அண்ணை, அடுத்த முறை வரேக்கை என்ன சாமான் கொண்டர?" என்று ரவி கேட்டார்.

"சொக்லேற்" என்றேன்.

அந்த வருட ஆயுத பூசையன்று கராஜில் சாவிகளை எல்லாம் துடைத்து, வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். மலர் வந்தார். அவல், கடலை, வாழைப்பழம். கூடவே கடதாசியில் சுற்றிய ஒரு சின்னப் போத்தல். பிரித்துப் பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை" என்றார். "மெஷினுக்கு வேணுமெண்டால் உங்களட்டை வந்து ரெண்டு சொட்டு வாங்குறன்."

சரி என்றேன்.

ஸ்கூட்டரில் ஏறியவர் உடனே புறப்படவில்லை. ஹான்டிலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இவருக்குச் சொல்லேல்லைத்தானே?"

"என்னத்தை?"

மலர் என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு, "ஓம்" என்று தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

போத்தல் இப்போதும் கராஜில், சாமிப்படத் தட்டில் இருக்கிறது. நீங்கள் கண்டிருப்பீர்கள், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. இந்தக் கதை கராஜை விட்டு வெளியே போகக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை மலர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வருவார். இரண்டு சொட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.